என் மனைவியின் நாற்பது சதவீதம்

என் மனைவி நாற்பது சதவீதம் மட்டும் பணி ஓய்வு பெற்ற அன்று சுகாதார நிலையத்தில் கேக் வெட்டினார்கள். கேக் என்னவோ முழுதாகத்தான் இருந்தது. டாக்டர் கண் கலங்கிப் பேசினார். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள், நான் கடிகாரத்தைச் சுமந்துகொண்டே வந்தேன். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"வெள்ளிக்கிழமை அவ்வளவு அழுதியே?"

"அது நாற்பதுக்கு அழுதது. அறுபது இன்னும் பாக்கி இருக்குல்ல?"

சொல்லிவிட்டுப் போயே விட்டாள். நான் முப்பது வருஷம் மாகாணப் போக்குவரத்தில் பஸ் ஓட்டியவன். என்னை ஓய்வு பெறச் சொன்னார்கள், பெற்றேன். நூற்றுக்கு நூறு. இந்த வீட்டில் ஒழுங்காக ஓய்வு பெற்ற ஆள் நான் ஒருவன்தான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் குழந்தைகளின் தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி ஒன்று, பனிக்கட்டி உறைய வைக்கிற பெட்டி ஒன்று, ஒரு மேசை, ஒரு பதிவேடு, என் மனைவி. மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டு டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால் மருந்து செத்துவிடும். பார்த்தால் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும், ஆனால் உள்ளே உயிர் இருக்காது. அந்த இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் காவல் இருந்தவள் இவள். சுற்றுப்பட்டு மலையடிவாரக் குழந்தைகள் எல்லோருக்கும் புதன்கிழமை ஊசி. அந்த மருந்தெல்லாம் இந்த அறையிலிருந்துதான் போகும்.

இந்த வேலைக்குச் சம்பளம் இரண்டு இடத்திலிருந்து வரும். மத்திய அரசு அறுபது, மாகாண அரசு நாற்பது. நான் முதலில் இவற்றைப் பெரிய வீடு, சின்ன வீடு என்று சொல்லிப் பார்த்தேன். இவள் முறைத்த முறையில் அன்றோடு விட்டுவிட்டேன். மேலே, கீழே என்று வைத்துக்கொள்வோம்.

வரி வாங்குகிற பெரிய கை மேலே இருக்கிறது. ஆனால் காய்ச்சல்காரனும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், குண்டும் குழியுமான ரோடும் கீழே இருக்கிறவர்களின் பொறுப்பு. அதனால் மேலேயிருந்து கீழே பணம் வர வேண்டும். வராமல் இல்லை, வரும். தனியாக வராது, நிபந்தனையோடு வரும். நீ நாற்பது போட்டால் நான் அறுபது போடுவேன், நீ போடாவிட்டால் நானும் போட மாட்டேன், நான் சொன்ன காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இதே ஆட்சிதான். என் சம்பளத்தை அப்படியே இவள் கையில் கொடுத்துவிடுவேன். இவள் அதிலிருந்து எனக்கு எண்ணித் தருவாள். டீக்கு என்று கொடுத்ததில் பத்திரிகை வாங்கினேன் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் இவள். அதனால் மாகாண அரசின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரியும்.

ஊரில் இவளுக்கு 'அறுபது நாற்பது அக்கா' என்றே பெயர். இரண்டு சம்பளச் சீட்டு, இரண்டு விடுமுறைப் பட்டியல், இரண்டு அடையாள அட்டை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது இவளைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. ஆனால் இருபத்தாறு வருஷமாக ஒரு சங்கதியை யாருமே கவனிக்கவில்லை. மாகாணத்தில் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. மத்திய அரசில் அறுபது.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் கீழேயிருந்து உத்தரவு வந்தது, ஓய்வு. மேலேயிருந்தும் கடிதம் வந்தது, எங்கள் பங்கைப் பொறுத்தவரை அவர் பணியில் இருக்கிறார். அதற்குக் கீழேயிருந்து பதில், எங்கள் பங்கைப் பொறுத்தவரை அவர் பணியில் இல்லை. இரண்டுமே சட்டப்படி சரி. அதுதான் கொடுமை.

டாக்டர் பாவம், நல்ல மனிதர். நோயாளியைப் பார்ப்பாரா, இதைப் பார்ப்பாரா? காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாரத்துக்கு ஐந்து வேலை நாள். அதில் அறுபது சதவீதம் மூன்று நாள். திங்கள், செவ்வாய், புதன் இவள் மத்திய அரசு ஊழியர். வியாழன், வெள்ளி இரண்டும் மாகாணத்தின் நாற்பது. அந்த இரண்டு நாளுக்கு வேறு ஆள் வேண்டும். அறுபது நாளுக்குள் ஆள் வராவிட்டால் நாற்பது காலி என்று அர்த்தம், நாற்பது காலியானால் அறுபதும் நின்றுபோகும், பதவியே ரத்து. குளிர்பெட்டியை முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நகரத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்கள்.

நகரத்துக்குப் போனால் என்ன, மருந்து பஸ்ஸில் வராதா என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பஸ் என்னுடையது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி நகரத்தில் ஒரு பனிப்பெட்டியோடு ஏறினாள். கூட்டம் நெரித்தது. "அண்ணே, இதைக் கொஞ்சம் பத்திரமான இடத்துல வைக்க முடியுமா?" என்றாள். பார்க்க நன்றாக இருந்தாள், அண்ணே என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வேகத்தில் பெட்டியை வாங்கி எனக்குப் பக்கத்திலேயே, மெத்தை விரித்த இடத்தில், ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டேன். மெத்தைக்கு அடியில் இன்ஜின். அந்த ரோட்டில் ஊர் ஊராக நின்று நின்று இரண்டரை மணி நேரம். ஊர் வந்து இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தவள் முகம் எப்படி மாறியது என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அத்தனையும் வெந்து போயிருந்தது.

நாற்பத்தோரு தாய்மார்களை அன்று திருப்பி அனுப்பினாள். அடுத்த மருந்து வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. பிழைத்துக்கொண்டான், வலது காது போய்விட்டது. இன்று கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறான். என் சட்டையெல்லாம் அவன்தான் தைக்கிறான். அளவு சொல்லும்போது நான் அவன் இடது பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். எதனால் காது போயிற்று என்று அவனுக்கும் தெரியும். ஒரு நாளும் அவன் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போய், போய், போய், கடைசியில் கல்யாணமே ஆகிவிட்டது. அதன்பின் அறை வருகிறவரை ஒவ்வொரு பெட்டியையும் கண்டக்டர் சீட்டில் ஏற்றி, கண்டக்டரை நிற்க வைத்துக் கூட்டி வந்தேன். அறை வேண்டும் என்று இவள் எழுதிய மனுக்களைக் கட்டினால் தலையணை உயரம் வரும். வருஷா வருஷம் கல்யாண நாளன்று நான் கேட்பேன், "அந்தப் பெட்டிக்கு மன்னிச்சிட்டியா?" அவளும் வருஷா வருஷம் ஒரே பதில்தான். "மருந்து விஷயத்துல மன்னிப்பு கிடையாது. வேற எதுக்கு வேணா கேளுங்க."

இப்போது சொல்லுங்கள், அந்த அறை போகலாமா?

இரண்டு நாள் வேலைக்கு மாகாணம் விளம்பரம் போட்டது. மாகாண ஓய்வூதியர், அறுபத்தைந்துக்கு உட்பட்டவர், அளவுமானி பார்க்கத் தெரிந்தவர், தினக்கூலி. கூலித் தொகையைப் படித்தவர்கள் யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. நாற்பது நாள் ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. யாரும் வரவில்லை. இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்தோராம் நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"நீங்க மாகாண ஓய்வூதியர்தானே?"

"ஆமா."

"பஸ்ஸுல முள்ளு பாத்துத்தானே ஓட்டினீங்க?"

"ஏய், அது வேகமுள்ளு. இது மருந்து. என்னை நம்பி மருந்தா? நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். வேற யாரு இருக்கா?"

அது நம்பிக்கையா, வேறு வழியில்லாமையா என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஐம்பத்தைந்தாம் நாள் எனக்கு உத்தரவு வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து ஒரே ஒரு அரசு ஊழியர் ஆனோம்.

அதன்பின் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பொறுப்பு ஒப்படைப்பு. வாயால் சொன்னால் போதாதாம், எழுத்தில் வேண்டுமாம். "சாவி இரண்டு, பதிவேடு ஒன்று, தெர்மாமீட்டர் இரண்டு, மருந்துக் குப்பிகள் இருநூற்றுப் பதினெட்டு, பெற்றுக்கொண்டேன்" என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் தட்டு வைப்பாள். திங்கட்கிழமை காலை நான் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நேரம், வெப்பநிலை, கையெழுத்து, பதவி. நான் ஒருநாள் பதவிக் கட்டத்தை விட்டுவிட்டேன். "காலிக் கட்டம் பொய்க்குச் சமம்" என்று திட்டினாள்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. ஒரு வியாழக்கிழமை மறந்து வைத்த குடையை எடுக்க இவள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ஒழுங்கின் சிகரமாயிற்றே, வருகையாளர் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதம் கழித்து மேலேயிருந்து தணிக்கைக் கடிதம். மாகாணத்தின் நாளில் மத்திய பங்கின் ஊழியர் பணியாற்றினாரா? அப்படியானால் மாகாணப் பங்குக்கு வேலையே இல்லை என்று கொள்ளலாமா? கொண்டால் நாற்பது போகும். நாற்பது போனால் எல்லாம் போகும். ஒரு குடைக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதினாள். அன்றிலிருந்து வியாழன், வெள்ளியில் அந்தப் பக்கத்துத் தெருவுக்கே அவள் போகமாட்டாள்.

ஒரு வருஷம் இப்படியே நன்றாக ஓடியது. பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது.

காலையில் நல்ல காற்று. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எங்கோ கம்பம் சாய்ந்து மின்சாரம் போயிற்று. டாக்டர் நகரத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். காவலாளியை மின்வாரியத்துக்கு ஓட்டினேன், ஆளைக் கையோடு கூட்டி வா என்று. அறைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒன்று நிற்கிறது. அது மத்திய அரசு வாங்கிக் கொடுத்தது. டீசல் மாகாணம் போட வேண்டும். டீசல் இல்லை. சனியன் போகட்டும் என்று என் சொந்தக் காசில் ஐந்து லிட்டர் வாங்கி வந்து ஊற்றினேன். முக்கக்கூட இல்லை. பாட்டரி செத்துக் கிடந்தது. பாட்டரி என்பது ஜெனரேட்டரின் உறுப்பா, ஓட்டுகிற செலவா என்று பதினாலு மாதமாக மேலேயும் கீழேயும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கூட்டம்!

எனக்குப் பதறியது. குளிர்பெட்டியைத் திறந்து முள்ளைப் பார்த்தேன், நாலு டிகிரி. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தேன், நாலரை. மறுபடி திறந்தேன், ஐந்து. கடமையே கண்ணாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு ஆறு புள்ளி நாலு.

"திறக்காதீங்க! ஐயோ, திறக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

பார்த்தால் வாசல் கேட்டுக்கு வெளியே, ரோட்டில், குடையோடு நிற்கிறாள். வீட்டில் மின்விசிறி நின்றதுமே கிளம்பிவிட்டாளாம். அறையின் ஜன்னலிலிருந்து கேட்டுக்கு இருபதடிதான். நான் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"பாக்காம எப்படி எழுதறது?"

"திறக்கத் திறக்கக் குளிரெல்லாம் வெளிய போவுது! நீங்களே வெளிய அனுப்பிட்டு நீங்களே எழுதிட்டிருக்கீங்க! இப்ப எவ்வளவு?"

"ஆறு நாலு."

அவள் முகம் மாறியது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம். இரண்டாம் முறையும் என் கையாலேயா?

"உள்ள வாயேன்டி!" என்று கத்தினேன்.

"இன்னிக்கு வியாழக்கிழமை." அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை. "சொல்றதைச் செய்யுங்க. உறைபெட்டியில இருக்கிற பனிக்கட்டிப் பைகளை எடுத்து மேசையில பரப்புங்க. உடனே மருந்துப் பக்கத்துல வைக்காதீங்க, மருந்து உறைஞ்சு போயிடும். வேர்க்கணும். வேர்த்ததும் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள தண்ணி சலசலக்குதா?"

"எனக்கு என் நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது."

"நல்லா ஆட்டுங்க!"

ஒவ்வொன்றாக ஆட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் எல்லாமே சலசலத்தன. சுமக்கும் பனிப்பெட்டிகள் நாலு இருந்தன. உள்ளே நாலு பக்கமும் பைகளை அடுக்கினேன். இனி குப்பிகளை மாற்ற வேண்டும். இருநூற்று முப்பது குப்பி. நான் மூடியைத் திறந்து, குனிந்து எடுத்து, திரும்பி, அடுக்கி, மறுபடி குனிந்து... தனி ஆள் செய்தால் மூடி கால் மணி நேரம் திறந்தே கிடக்கும். முள் எட்டைத் தாண்டிவிடும். அவளுக்கும் அது தெரிந்தது.

"ரோட்டுல போற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"கை தவறிக் கீழ போட்டா?"

உள்ளே வந்தால் பதவி போகும். வராவிட்டால் மருந்து போகும். அவளுடைய இருபத்தாறு வருஷமும் அந்தக் கேட்டில்தான் நின்றது. குடையை மடக்கினாள்.

"போஸ்ட் போனாப் போகட்டும்" என்றாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் அடுக்கினாள். நாலு கை, நாலு நிமிஷம். கடைசிக் குப்பி போனபோது முள் ஏழு புள்ளி ஆறில் நின்றது. பனிப்பெட்டிக்குள் சிறிது நேரத்தில் ஐந்துக்கு இறங்கியது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பனிக்கட்டிப் பைகளை அடுக்கி விரல் விறைத்ததில் பேனா பிடிக்க முடியவில்லை. ஒரு மணி அளவை அவள்தான் பதிவேட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, வந்த வழியே கேட்டுக்கு வெளியே போய், சாயங்காலம் ஐந்தரைக்கு மின்சாரம் வரும்வரை ரோட்டோரத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

மூன்று வாரம் கழித்து, பங்கீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம் என்று, ஆய்வுக்கு இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். மேலேயிருந்து ஒரு தணிக்கையாளர், ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம். கீழேயிருந்து ஒரு சுகாதார அதிகாரி அம்மா, கோப்பை விசிறியாக வீசிக்கொண்டு. அன்று புதன்கிழமை, இவளுடைய நாள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தணிக்கையாளர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"வியாழக்கிழமை, ஒரு மணி. இது யாரோட கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்" என்றாள் இவள்.

"வியாழக்கிழமை நீங்க பணியில இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப என்ன பதவியில உள்ள வந்தீங்க?"

"அதையும் எழுதியிருக்கேன். பக்கத்துக் கட்டத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படித்தார். மறுபடி படித்தார். பதிவேட்டை அதிகாரி அம்மாவின் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா வாய்விட்டே படித்தார்.

"மனைவி."

நான் இவளைப் பார்த்தேன். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டத்துல இப்படி ஒரு பதவி இல்லையே" என்றார் தணிக்கையாளர்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "இல்லதான் சார்! எங்க இருக்கும்? அவளை நீங்க அறுபதுன்னு பிரிச்சீங்க, இவங்க நாற்பதுன்னு பிரிச்சாங்க. மருந்தைப் பிரிக்க முடியுமா? அந்த முள்ளு வியாழக்கிழமைன்னு பாத்து ஏறாம நிக்குமா? பாட்டரி உங்களுதா அவங்களுதான்னு நீங்க முடிவு பண்ற வரைக்கும் குழந்தைக்கு அம்மை காத்துட்டு இருக்குமா? ஒரு பிள்ளை காது போனதை நான் பாத்தவன் சார். இவ அன்னிக்கு உள்ள வந்தது தப்புன்னா எழுதிக்குங்க. ஆனா திறந்து திறந்து பாத்துச் சூடேத்தினது நான். அதையும் சேத்து எழுதுங்க!"

இவள் மெல்ல என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தணிக்கையாளர் என்னை விட்டுவிட்டு இவளிடம் கேட்டார்.

"அன்னிக்கு எத்தனை குப்பி வீணாச்சு?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அடுத்த புதன்கிழமை எத்தனை குழந்தைக்குப் போட்டீங்க?"

"அறுபத்திரண்டு."

அவர் எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். அதிகாரி அம்மா என் பக்கம் குனிந்து, "உங்க ஒருத்தருக்கு ரெண்டு நாள் கூலி குடுத்துட்டு ரெண்டு பேரை வேலை வாங்கியிருக்கோம் போல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தணிக்கையாளர் எழுதி முடித்ததைப் பிற்பாடு டாக்டர் எங்களுக்குக் காட்டினார். இந்தப் பணியைப் பங்கு போட்டுச் செய்ய முடியாது, ஒரே அரசின் கீழ் ஒரே முழுநேர ஊழியர் வேண்டும், அதை முடிவு செய்ய அருகில் இருக்கிற அரசே தகுந்தது. சிரிக்கத் தெரியாத மனிதருக்கு எழுதத் தெரிந்திருக்கிறது.

அவர் ஒருவர் எழுதியதால் நாடு மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவரைப் போல இன்னும் பல ஊர்களிலிருந்து எழுதியிருப்பார்கள். அந்த வருஷப் புதிய பங்கீட்டில் மாகாணங்களுக்கு வரியில் கொஞ்சம் கூடுதல் பங்கு, அதுவும் பல இடங்களில் கயிறு கட்டாமல் வந்தது. எதற்கு வேண்டுமோ அதற்குச் செலவழித்துக்கொள், கணக்கு மட்டும் காட்டு. அதிகாரி அம்மா அதில் முதல் மாதமே எங்கள் அறைக்கு ஒரு முழுப் பதவி போட்டார். இவள் அறுபது முடித்ததும் வருகிற ஆளுக்கு ஒரு சம்பளச் சீட்டு, ஒரு ஓய்வு வயது. நான் இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "பாத்தியா, மேலேயே நிபந்தனையை எடுத்துட்டாங்க, என் டீக்காசு?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது அடுத்த பங்கீட்டுல பாக்கலாம்" என்றுவிட்டாள்.

அறுபது வயது முடிந்த அன்று இவளுடைய மீதி அறுபது சதவீதமும் ஓய்வு பெற்றது. மறுபடி கேக். டாக்டர் மறுபடி கண் கலங்கினார். மறுபடி சுவர்க் கடிகாரம், போன முறை கொடுத்ததையே மறந்துவிட்டார்கள். பொறுப்பேற்றுக்கொண்ட நர்ஸ், நாற்பது வயதுக்காரி, நாலு ஊரில் வேலை பார்த்தவள், குப்பிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்தே போட்டாள். இவளுக்கு அது பரம திருப்தி. தையல்காரன் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தான், அதற்கு அன்றுதான் அம்மை ஊசி. ஊர் கேட்க அழுதது. நான் அவன் இடது பக்கம் போய் நின்று, "நல்ல தொண்டைடா உன் பிள்ளைக்கு" என்றேன். "காதும் நல்லாருக்கு மாமா" என்று சிரித்தான். நான் ஜெனரேட்டரைப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன். பாட்டரி இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கடிகாரத்தை உள்ளறையில் மாட்டச் சொன்னாள். ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாண நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏய், முன்கூட்டியே கேட்டுடறேன். அந்தப் பெட்டிக்கு மன்னிச்சிட்டியா?"

"எந்தப் பெட்டிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு. பஸ்ஸுல வச்ச பெட்டிக்குத்தான்."

"அதுக்குப் பதிலா நாலு பெட்டியைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்களே" என்றாள். ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள், "அன்னிக்கு அந்தக் கட்டத்தை நான் காலியா விட்டிருக்கலாம். காவலாளின்னு எழுதியிருக்கலாம். என்ன எழுதினேன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறமும் கேக்குறீங்களே?"

நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆணி மங்கலாகத் தெரிந்தது. அடித்த அடியில் கோணலாக இறங்கியது. கடிகாரம் இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் தொங்குகிறது. நேராக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம், மணி சரியாகத்தானே காட்டுகிறது என்கிறாள்.